நாங்களேதான்

கத்திரி வெயில் முன்பெல்லாம் ஆரணிக்கு வந்து கொஞ்ச நாள் படுத்திவிட்டுப் போகும். இப்போது பங்குனியிலேயே பெட்டி படுக்கையோடு வந்து குடித்தனம் வைத்துவிடுகிறது. தனகோடியின் தறிக்கூடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஹேமநாத்தும் அவன் மனைவி சுகன்யாவும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் பட்டு நெய்தார்கள். ஜன்னலைத் திறக்க முடியாது. அனல் காற்று பட்டால் தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு காய்ந்து, இழை பட்பட்டென்று அறுந்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, வேர்வையில் ஊறியபடி நெய்வதுதான் அங்கே வழக்கம்.

சேலைகளை வாங்கும் சென்னைக் கம்பெனிக்குப் போன வருஷம் திடீரென்று இரக்கம் சுரந்தது. வெளிநாட்டிலும் விற்பவர்கள், வெயிலில் தொழிலாளியின் உரிமையைக் காப்பாற்றுகிறோம் என்று அங்கே யாருக்கோ காட்ட வேண்டுமாம். தறிக்கு ஒரு விசிறி வந்தது, கம்பெனி பெயர் ஒட்டி. காவ்யா என்கிற அதிகாரி எல்லாரையும் விசிறிக்குக் கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள். நல்ல பெண்தான். சுகன்யாவின் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் ஹேமநாத்தின் பாவில் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டான். மறுபடியும் அறுந்தது. முடிச்சு விழுந்த சேலையை டேமேஜ் என்று திருப்பி அனுப்புவதும் இதே கம்பெனிதான். இரக்கத்துக்கு வேறு இலாகா போலிருக்கிறது. அவன் எழுந்துபோய் விசிறியை நிறுத்தினான். மற்றவர்களும் நிறுத்தினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் ஹேமநாத் தறியிலேயே சாய்ந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பேச்சு குழறியது, கை நடுங்கி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நீண்ட வைத்தியம் செய்தால் தேறலாம், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். வேலையால் வந்த கேடு என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் வைத்தியத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார் தனகோடி. சுகன்யா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விசாரிக்கக் காவ்யாவே வந்தாள். ஹேமநாத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு ஃபேன் ஓடலையாக்கா?"

"இல்லீங்க மேடம். நிறுத்திதான் வச்சிருந்தோம்."

"ஓனர் நிறுத்தச் சொன்னாரா?"

தனகோடி வாசலில் நின்றிருந்தார். அவர்மேல் பழி போட சுகன்யாவுக்கு மனசு வரவில்லை. அது உண்மையும் இல்லை.

"யாரும் சொல்லலீங்க. நாங்களேதான் நிறுத்திக்கினோம். காத்து பட்டா இழை அறுந்துகினே இருக்கும். முடிச்சு வுழுந்தா நீங்க சேலைய திருப்பிடுவீங்களே."

காவ்யா தலையாட்டியபடி போனில் தட்டிக்கொண்டாள். எல்லாம் பதிவாகிவிட்டது என்றுதான் சுகன்யா நினைத்தாள். அத்தனை பேச்சில் 'நாங்களேதான்' மட்டும் சென்னை போய்ச் சேர்ந்திருந்தது. வசதி செய்து கொடுத்திருந்தோம், தொழிலாளியே அதை நிறுத்திவிட்டார், ஆகவே கம்பெனி பொறுப்பில்லை என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். காவ்யாதான் போனில் சொன்னாள். யாரைத் திட்டுவதென்றுதான் சுகன்யாவுக்குத் தெரியவில்லை. பொய் ஒன்று சொல்லியிருந்தால் புருஷனுக்கு வைத்தியம் கிடைத்திருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஹேமநாத்தின் தறியில் சேலை பாதியில் நின்றது. அதை முடிக்க அவள்தான் உட்கார வேண்டியிருந்தது. கூடம் தகித்தது. அவன் விழுந்த இடத்தைப் பார்த்ததும் பயம் வந்து, விசிறியைப் போட்டாள். கழுத்தில் காற்று பட்டபோது அழுகை வந்தது. கொஞ்ச தூரம் நெய்வதற்குள் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டாள். பக்கத்திலேயே இன்னொன்று அறுந்தது.

சுகன்யா எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள். யாரும் சொல்லவில்லை, அவளேதான் நிறுத்தினாள்.