கேற்றடியில் நிற்கிறவர்

என் கணவர் அஸீமின் கையெழுத்தை அவரே இரண்டாம் முறை வாசிக்க மாட்டார். அதனால் அவருடைய கதைகளை லெப்டொப்பில் அடிப்பது என் தலையில் விழுந்த வேலை. இத்தனை வருடமும் ஒவ்வொன்றாக அடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. புத்தகமாகப் போடுவதற்காக ஒன்பதையும் ஒரே கிழமைக்குள், ஏழே நாளில் அடித்தபோதுதான் பிடிபட்டது. ஒன்பது கதையிலும் ஓர் ஆள் வீட்டு வாசல் கேற்றடியில் நிற்கிறான்.

மீன் வியாபாரி, பள்ளிக்கூட அதிபர், கட்டாரிலிருந்து வந்தவன், ஒரு கதையில் பைத்தியக்காரன். ஆள்தான் மாறுகிறான். பூட்டில்லாத கேற்றைத் தானே திறந்துகொண்டு உள்ளே போகாமல் நின்று செருமுகிறான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அட்டாளைச்சேனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு இவர் அப்படி வந்து இருபத்து மூன்று வருடம். இன்றைக்கும் நீர்ப்பாசனக் கந்தோர் வேலை விட்டு வந்தால் கேற்றடியில் நின்று இரண்டு முறை செருமுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு ஓடுவேன். கை வேலையாக இருந்தால் முழங்கையால் கேற்றின் கொளுக்கியைத் தட்டிவிடுவேன். ஒரு நாளில் எனக்குப் பிடித்த சத்தமே அதுதான் என்று இருந்தேன், மடச்சி. இப்போது பார்த்தால் அது விருந்தாளியின் செருமல்.

காலையில் அவர் சாகாமம் குளத்து வேலைக்குப் புறப்படும்போது கேட்டேவிட்டேன்.

"இஞ்சாருங்க, இந்த ஊடு உங்கட ஊடா, இல்லியா?"

"என்ன புள்ள, விடியக்காலையில?"

"உங்கட கதையெல்லாத்திலயும் ஒரு மனிசன் கேற்றடியில நிக்கான். அது நீங்கதானே?"

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே யோசித்தார். "அப்பிடியா? எனக்குத் தெரியாதே," என்று சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். எனக்கு வயிறு எரிகிறது, இவர் சிரிக்கிறார்!

கோபத்தில் இரண்டு முடிவு எடுத்தேன். இன்று செருமினால் போய்த் திறக்க மாட்டேன். வேண்டுமானால் தானாக உள்ளே வரட்டும். கதைகளில் உள்ள கேற்றையெல்லாம் கழற்றி எறிவேன். அடிக்கிறவள் நான்தானே, யார் கேட்பது?

பகல் சோற்றை ஆக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் கதையில் மீன் வியாபாரி நிற்கிற நாலு வரியை அழித்து, அவனை நேரே குசினி அடுப்பு வரைக்கும் நடக்கவிட்டேன். அதோடு, வந்து கேற்றைத் திறக்கிற பெண்ணுக்கு வேலையில்லாமல் போனது. அவளையும் அழித்தேன். இரண்டாம் கதையிலும் அப்படித்தான். மூன்றாவதில் அவளை அழிக்கப் போன கை நின்றுவிட்டது. அவள் கையெல்லாம் மீன் செதில். அதனால் முழங்கையால் கொளுக்கியைத் தட்டுகிறாள்.

நாலாவதைத் திறந்தேன். கையில் சவர்க்கார நுரை, திறப்பது முழங்கையால். ஐந்தாவதில் அரிசி மா. பைத்தியக்காரனுக்குக்கூட அவள்தான் முழங்கையால் திறக்கிறாள். இந்த ஊரில் அப்படிக் கேற் திறக்கிறவள் என்னைத் தவிர யார்? ஒன்பது தடவை என் விரலாலேயே என்னை அடித்திருக்கிறேன். நிற்கிறவனை எண்ணிக்கொண்டிருந்ததில் திறக்க வருகிறவளைக் கவனிக்கவேயில்லை. தனியாக உட்கார்ந்து வெட்கப்பட்டேன், பிறகு சிரித்தேன். அழித்த வரிகளை ஓர் எழுத்துக் குறையாமல் திரும்பப் போட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செருமல் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், மனிதர் தானாகவே திறக்கக் கொளுக்கியில் கை வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறார். காலையில் நான் கேட்டது உறைத்திருக்கிறது.

"கைய எடுங்க! எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"ஏன் புள்ள? என்ட ஊடுதானே?"

"ஓம், உங்கட ஊடுதான். இப்ப செருமுங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டு முறை செருமினார். கையெல்லாம் மா. முழங்கையால் கொளுக்கியைத் தட்டிவிட்டேன்.