கவர்மெண்ட் மாப்பிள்ளை

எங்கள் மண்ணூர் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் அறிவிப்பார். யாரும் சொன்னதில்லை. சாமியாரும் பதிலுக்காக நின்றதில்லை. அதே மூச்சில் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

லூர்துராஜுக்கும் கிரேசிக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. லூர்துராஜ் வளைகுடாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எண்ணெய்க் குழாய்க்கு வெல்டிங் வைக்கிறவன். கிரேசி தச்சர் கிறிஸ்துதாஸின் மகள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். மாப்பிள்ளை லீவில் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் தசரதன் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கொடுத்திருந்த எண்ணெய் எடுக்கும் உரிமையை அந்த நாட்டு அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டதாம். கிணறு, குழாய், கப்பல் துறை எல்லாம் இனி அரசாங்கத்துக்கே சொந்தமாம்.

வேறு ஊராக இருந்தால், ஐயோ, பையன் வேலை போச்சே என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் நடேசன் இருந்தார். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முதலாளி வீட்டு மாட்டுக்குத் தவிடு வரை சுமந்தவர். முந்தின வருஷம் அந்த பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் ஒரே நாளில் அரசாங்க உத்தியோகஸ்தர் ஆகிவிட்டார். பென்ஷன் உண்டு என்றார்கள். மகளுக்குத் தாலுகா ஆபீஸ் மாப்பிள்ளையே கிடைத்தான்.

"அப்ப நம்ம லூர்துராஜும் கவர்மெண்ட் ஆளு ஆயிட்டான்," என்றார் நடேசன்.

"எந்த கவர்மெண்டு?" என்று கேட்டேன்.

"கவர்மெண்டுன்னா கவர்மெண்டுதான்யா. இன்னா நீ, குறுக்க கேள்வி கேட்டுக்கினு."

கடையே அவர் பக்கம் இருந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

லூர்துராஜின் அம்மா அன்னபுஷ்பத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கவர்மெண்ட் மாப்பிள்ளைக்குத் தச்சன் வீட்டுப் பெண்ணா? சனிக்கிழமையே சாமியாரிடம் போய், பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, மூன்றாவது ஓலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்துதாஸுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரேசி பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். தன் பேர் வரப்போகிறது என்று முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்தாள். சாமியார் கொடியேற்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். குனிந்த தலை கடைசிவரை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அவளுக்கு ரெண்டோலைக்காரி என்று பேர் வைத்தது. சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பொம்பளைகள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். பெண் கேட்டு யாரும் வரவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்னபுஷ்பம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாத்தியார் வீட்டில் பெண் கேட்டாள். பென்ஷனை எந்த நாட்டுக் காசில் கொடுப்பார்கள் என்று வாத்தியார் விசாரித்தார். அதோடு சரி.

அடுத்த மழைக்காலத்தில் லூர்துராஜ் தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். இரண்டு நாளில் அம்மாவும் மகனுமாகக் கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டு வாசக்கால் வேலையாக நானும் அங்கே இருந்தேன்.

"நடந்தது நடந்துபோச்சுண்ணே. மறுபடி ஓலை குடுத்துரலாம்," என்றாள் அன்னபுஷ்பம்.

கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தலையாட்டிவிட்டு, "வேல எப்பிடிப் போச்சு, தம்பி?" என்று லூர்துராஜைக் கேட்டார்.

"கம்பெனி கூட்டாந்த ஆளுங்க கம்பெனியோடயே போங்கன்னு கவர்மெண்டுல சொல்லிட்டாங்க மாமா. எண்ணெய் எடுக்கக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்த காலம் இன்னும் முடியல. ஆனா குடுத்தவன் நெனச்சா எடுத்துக்கலாமாம். அது அவன் உரிமையாம்."

உள்ளே தையல் மெஷின் நின்றது. கிரேசி கதவோரம் வந்தாள்.

"மூணாவது ஓலைய நிறுத்துனது உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா எழுதியிருந்தாங்க," என்றான். "நான் இன்னா பண்றது?"

அவள் உள்ளே போய்விட்டாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பழைய ஓலை செல்லாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்றார் சாமியார். பெண்ணுக்குச் சம்மதமா என்றும் கேட்டார். "அதெல்லாம் கேட்டாச்சு சாமி," என்றார் கிறிஸ்துதாஸ். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சொல்லி, வழக்கம்போல அதே மூச்சில் அடுத்ததற்குப் போனார்.

"சாமி, தடை கீது."

பெண்கள் பக்கத்திலிருந்து கிரேசி எழுந்து நின்றாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா தடைம்மா?"

"குடுத்தத திருப்பி எடுத்துக்கிற உரிமை அவங்களுக்கு மட்டுந்தானா சாமி? எனக்கும் கீது. என் சம்மதத்த எடுத்துக்கிட்டேன்."

கிறிஸ்துதாஸ் தூணைப் பிடித்துக்கொண்டார். லூர்துராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரேசி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் தலை குனியவில்லை. ரெண்டோலைக்காரி என்று அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.