செம்மறிகளின் பந்தி

எங்கள் ஊர்ச் செம்மறியாடுகள் உபசரித்தால்தான் சாப்பிடும். கடலைக்கொடியைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போக முடியாது. பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றையும் "வாங்க" என்று அழைக்க வேண்டும். கழுவிய தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு தீவனம். குறை கண்ட ஆடு சண்டை போடுவதில்லை. வேறு வீட்டுக்குக் குடிபோய்விடும். அப்படிப் போனதைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

சித்திரை வெயிலில் என் ஆடுகள் மெலியத் தொடங்கின. சினையாக இருந்த செவலை ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடும். தண்ணீரில் பாசி வாடையா, புண்ணாக்கு பழசா என்று யோசித்தேன். பிறகு, குறை என் முகத்தில்தானோ என்று யோசித்தேன். ஐம்பது வயதுக்குமேல் எனக்கு எந்த யோசனையும் அங்கேதான் போய் முடிகிறது.

பக்கத்து வீட்டு மூக்காண்டி தன் பட்டியில் ஒரு மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"சும்மாதாண்ணே, தூசியா கெடந்துச்சு" என்றான். செவலை வேலிக்கு மேலாக அந்த மூலையைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் நான் பரிமாறுவதைப் பார்க்க என் மனைவி சீதேவி வந்து நின்றாள். செவலை தொட்டியில் வாய் வைத்ததும், "தண்ணி போதுமா?" என்று கேட்டேன். அது தலையாட்டிவிட்டு நகர்ந்தது.

"நல்லா கேட்டீங்க போங்க" என்றாள் சீதேவி. "போதுமான்னு கேட்டா, மானமுள்ளவங்க பத்தலைன்னா சொல்லுவாங்க? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கம்மா இப்படிக் கேட்டிருந்தா, நீங்க பட்டினியாத்தான் திரும்பியிருப்பீங்க."

"மரியாதைக்குக் கேட்டேன்."

"அதுவும் மரியாதைக்குத்தான் தலையாட்டுது."

செவலை வேலியில் பாதி நுழைந்திருந்தது. வாளியோடு ஓடினேன். எதுவும் கேட்காமல் அதன் முன்னால் வைத்து, "எங்களுக்காக ஒரு மடக்கு" என்றேன். வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அட, குடிங்க" என்றேன். மறுபடியும் திருப்பிக்கொண்டது. வாளியை இன்னும் கிட்டே தள்ளினேன். அடி தெரியும்வரை குடித்தது. மற்ற ஆடுகளும் பின்னாலேயே வந்தன. நான் ஊற்ற ஊற்ற, சீதேவி அகத்திக்குழையை அள்ளி அள்ளி வைத்தாள். ஆடுகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, படுத்து அசைபோட்டன. மூக்காண்டி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் விடிந்ததும் மூக்காண்டி வீட்டுக் கிணறு எங்கள் வாசலில் வந்து நின்றது.

"வாங்க" என்று பாய் விரித்தேன். சீதேவி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். பாதி குடித்ததும் கிணறு போதும் என்றது. அவள் விடவில்லை.