கீழ்த்தெருப் பலகையில் ஓர் எழுத்து

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. சாலையோர வரலாற்றுப் பலகைகளுக்கு வாசகம் எழுதிக்கொடுப்பது என் வேலை. பலகைக்கு நாலு வரி. போகிற போக்கில் படிக்க வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது. இப்படியே எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த ஆண்டு மழை கொட்டோ கொட்டென்று

[வேண்டாம். எல்லா வெள்ளக்கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.]

2

கீழ்த்தெரு முனைக்கு நான் எழுதிக் கொடுத்தது: ‘பெருவெள்ளத்தின்போது கரை உடைந்ததில் கீழ்த்தெரு மூழ்கியது.’

பெயிண்டர் எழுதி வைத்தது: ‘கரை உடைத்ததில்.’

“உங்க கையெழுத்துல ந-வும் த-வும் அண்ணன் தம்பி மாதிரில்ல சார் இருக்கு” என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. “வெள்ளம்னா கரை தானா உடையும். நாளைக்கே மாத்திடுங்க. ஊர் வம்பு நமக்கெதுக்கு?”

* வம்பு இதுதான். கடைத்தெருவைக் காப்பாற்ற, தண்ணீரைக் கீழ்த்தெருப் பக்கம் திருப்பிவிட, மேல்தெரு ஆட்கள் கடப்பாரையோடு போய்க் கரையை உடைத்தார்கள். கீழ்த்தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். மேல்தெருவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் மேல்தெரு.

3

என் அத்தை, அப்பாவின் தங்கை, கீழ்த்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வெள்ளத்தில் அவளுடைய ஒரே மகள் போய்விட்டாள். முதல் பிரதியில் அத்தையைப் பலகை முன்னால் அழவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் அவள் அழவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயாவது எழுதினியேடா. உங்கப்பன் இருக்கற வீட்ல இருந்துக்கிட்டே எழுதினியே.”

அது பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆமா அத்தை” என்றேன். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

4

[அப்பாவைக் கதைக்குள் விடக்கூடாது என்றிருந்தேன். அத்தை இழுத்துவந்துவிட்டாள்.]

அப்பாவுக்கு இப்போது கண் தெரியாது. கடப்பாரையைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நேற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

“கீழ்த்தெருவுக்குப் பலகை வச்சிருக்காங்களாமே. என்னப்பா எழுதியிருக்கே?”

“இன்னும் முடிக்கலப்பா.”

தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

“குட்டி பேரு போட்டியா?”

குட்டி என்பது அத்தையின் மகள். அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

“இடமில்லப்பா” என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: திருத்திவிடுகிறேன். அதிகாரி தலையாட்டுகிறார், அத்தையிடம் நான்

முடிவு இரண்டு: அப்படியே விடுகிறேன். வேலை போகிறது, அப்பாவை யாரோ வீடு தேடி வந்து

இரண்டையும் முடிக்க எனக்குத் தெம்பில்லை. இதற்குள் பெயிண்டர் அந்த ஓர் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். தூரிகையும் கையுமாக நிற்கிறார்.

“சீக்கிரம் சொல்லுங்க சார். ந-வா, த-வா?”

பெருவெள்ளத்தின்போது கரை உடை[   ]ததில் கீழ்த்தெரு மூழ்கியது.

நீங்களே போடுங்கள். எதைப் போட்டாலும், நாளைக்குப் பால் வாங்க வரும்போது அத்தை அதை வாய்விட்டுப் படிப்பாள். அப்போது அவள் பக்கத்தில் நிற்கப்போவது நான்தான்.