மூடி இறுகாத வீடு

இறந்துபோன அன்று காலையிலும் பூட்டுக்காரரின் மனைவி சர்க்கரை ஜாடியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் எந்த மூடியும் இறுகியதில்லை. எவ்வளவு திருகினாலும், கையை எடுத்ததும் அரைச் சுற்றுத் தானாகத் திரும்பி நெகிழ்ந்துகொள்ளும்.

அவளுடைய விரல் கணுக்கள் வீங்கிய வாரத்தில் அது தொடங்கியது. அவள் புத்தகம் பைண்டிங் செய்கிறவள். காலையில் எழுந்து ஊசியைப் பிடிக்குமளவு விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகும். வீடு அதைக் கவனித்திருக்க வேண்டும். முதலில் காப்பித்தூள் டப்பா நெகிழ்ந்தது, பிறகு எண்ணெய்ப் பாட்டில், பிறகு குழாய், கடைசியில் வாசல் தாழ்ப்பாள். பிஸ்கட் நமுத்தது. குழாயடி வாளி அங்கேயே குடியேறியது. மச்சினி வந்து சிரித்துவிட்டுப் போனாள். "ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டறீங்க அத்தான், உங்க வீட்ல ஒரு எண்ணெய் பாட்டில மூடத் துப்பில்ல."

அந்தச் சௌகரியம்தான் கெடுத்தது. டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், "எல்லாந்தான் தானாத் தெறக்குதே, என்ன அவசரம்?" என்றார் பூட்டுக்காரர். மருந்துக்கடைத் தைலத்திலேயே இரண்டு வருடம் ஓடியது. விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்த பிறகுதான் போனார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இது வயசானா வர்ற தேய்மானம் இல்ல, முடக்குவாதம். உடம்பே தன் மூட்டத் தாக்குது. முதல் மூணு நாலு மாசத்துல வந்திருந்தா இவ்வளவு சாய விட்டிருக்க மாட்டோம். இனி மிச்சத்தக் காப்பாத்தலாம்." வீட்டு மூடி விஷயத்தையும் இருவரும் சொன்னார்கள். "அப்ப கைப்பிடி பலத்த இங்க வந்துதான் சோதிக்கணும்" என்று சீட்டில் குறித்துக்கொண்டார்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை, குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை, வெதுவெதுப்பான நீரில் விரல் பயிற்சி, மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. மாத்திரை நாளைப் பூட்டுக்காரர் காலண்டரில் சிவப்பாகச் சுழித்தார். எட்டாம் மாதம் டாக்டரம்மா ஒரு புதுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை 'கடக்' என்றது.

"சத்தம் கேட்டுச்சாங்க?" என்று கணவரைப் பார்த்தாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்ப மூடி, பல்லைக் கடித்து இறுக்கினாள். "போதும்மா, பாட்டிலுக்கு வலிக்கப்போகுது" என்றார் டாக்டரம்மா. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். அது மட்டும் நெகிழவில்லை. மெல்லிய புத்தகங்களாகப் பார்த்து வாங்கி மேலும் எட்டு வருடம் தைத்தாள். பிறகு ஒரு காலை, அந்த நாற்காலியில், இதயம் நின்றது.

"அக்காவே போயாச்சு, இனியாவது மூடிக்கக் கூடாதா இதெல்லாம்?" என்று மச்சினி டப்பாக்களைப் பார்த்துக் கேட்டாள். அவை மூடிக்கொள்ளவில்லை. பூட்டுக்காரர் தட்டைக் கவிழ்த்து வைக்கிறார், வாளியை மாற்றுகிறார். சாவி தொலைந்த எந்தப் பூட்டையும் கால் மணி நேரத்தில் திறந்துவிடுகிறவர் அவர். அலமாரியில் அவள் இறுக்கி வைத்த பாட்டிலில் தண்ணீர் இன்னும் இரண்டு வாய்தான் குறைந்திருக்கிறது.