பருப்பு வேகும் வில்லா

பவளக்கரை நகரில் முதலில் கட்டி முடிக்கப்பட்டது கேட்தான். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி போகும் சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால், வளைவும் விளக்கும் காவல் கூண்டுமாக அது தனியே நிற்கும். சுற்றுச்சுவர் இரண்டாம் கட்டத்தில் வரவிருந்தது. ஆகையால் ஆடுகள் கேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்வந்தன. மனிதர்கள் மட்டும் ஹாரன் அடித்து, கேட் திறக்கும்வரை காத்திருந்து போனார்கள். பாதுகாப்பு என்பது பொதுவாக இப்படித்தான் இயங்குகிறது.

சுலைகா அந்தக் கேட்டின் முன்னால் ஆட்டோவில் காத்திருந்தபோது அவள் மடியில் ஒரு குக்கர் இருந்தது. அதற்குள் துவரம்பருப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் நஸீஹா, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று அம்மாவின் முந்தானையை இழுத்துக் குக்கரை மூடினாள்.

குக்கரின் காரணத்தைச் சொல்வதற்கு முன் வீட்டின் காரணத்தைச் சொல்ல வேண்டும். சுலைகாவின் குடும்பத்தில் நிக்காஹ் முடிந்ததும் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணின் பெயரில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் கொடுப்பார்கள். நல்லதோ கெட்டதோ, அவள் ஆயுசுக்கும் அதுதான். நஸீஹாவுக்கு சல்மானைப் பேசியாயிற்று. சல்மானின் தாய் அஃபீஃபா எதுவும் கேட்கவில்லை. மிகவும் கண்ணியமான குடும்பம்.

"நாங்க ஒண்ணும் கேக்கலை சுலைகா. அவன் சேக்காளிமாரெல்லாம் கேட்டு, காவல்னு இருக்குற எடத்துல இருக்காங்கன்னு சொன்னேன், அம்புட்டுத்தான்" என்று மட்டும் சொல்லியிருந்தார். மறுவாரம் விலாசத்தையும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட். இன்று புதன். சுலைகா கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்திருக்கிறாள். அஃபீஃபாவும் தன் காரில் முன்னாலேயே வந்து, மாதிரி வில்லாவின் சோபாவில் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, இன்னொரு சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க!" என்று வரவேற்றான் காளிதாஸ். நகரைக் கட்டி விற்கும் அபிராமத்துக்காரன். அப்பா விவசாயி. மகன் வயலில் நட்டதெல்லாம் காய்ந்தது. ஆகையால் கட்டடம் நட வந்துவிட்டான். "இத்தாலி டைல்ஸும்மா. தொட்டுப் பாருங்க."

"அடுப்பு எங்கன இருக்கு தம்பி?"

"மாடுலர் கிச்சன். ஆனா அடுப்பு சும்மா காட்சிக்குத்தான்..."

"பரவாயில்லை. சிலிண்டரு ஆட்டோவுல இருக்கு."

குக்கர் ஒரு சோதனைக் கருவி. நல்ல தண்ணீரில் பருப்பு மசிந்துவிடும். உப்பும் சுண்ணாம்பும் கரைந்த தண்ணீரில், பருப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை இளகுவதற்குப் பதிலாக இறுகிவிடும். எத்தனை விசில் விட்டாலும் கூழாங்கல்லாகவே கிடக்கும். புதுமடத்தில் பிறந்த சுலைகாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. பருப்பு தெரியும்.

அவள் கணவர் நுஃமானுக்கு வேதியியலும் தெரியும். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இருபது வருடமாக வேலை. ஊருக்கு வரமுடியாததால் நஸீஹாவின் கைப்பேசித் திரையில் வந்திருந்தார். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டர் ஒன்றையும் போன வாரமே அனுப்பிவைத்திருந்தார்.

நஸீஹா குழாயைத் திறந்து மீட்டரை முக்கினாள். "இருநூத்திப் பத்து வாப்பா."

"மாஷா அல்லாஹ்!" திரையில் நுஃமானின் முகம் விரிந்தது. "கடையில விக்கிற பாட்டில் தண்ணி மாதிரில்ல இருக்கு! எத்தனை அடி போரு தம்பி?"

"நானூறு அடி பாய்!" காளிதாஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "பக்கத்து லேயவுட்டுல எல்லாம் அறுபது அடியோட நிறுத்திட்டான். நம்ம குவாலிட்டியில கை வைக்கிறதில்ல."

பருப்பும் வெந்தது. சுலைகா ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கினாள். வெண்ணெய். அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. புதுமடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இந்தப் பொட்டலில், நானூறு அடியில் நல்ல தண்ணீர்! ஆனால் பருப்பு பொய் சொல்லாது.

பருப்பு பொய் சொல்லவில்லைதான். அன்று காலை ராமநாதபுரத்திலிருந்து லாரியில் வந்து மொட்டைமாடித் தொட்டியில் ஏறிய தண்ணீரைப் பற்றி அது உண்மையைத்தான் சொன்னது. வாங்க வருகிறவர்கள் வரும் நாளெல்லாம் லாரியும் வரும். லாரித் தண்ணீருக்குக் காசு என்பதால் காளிதாஸ் தொட்டியில் கால்வாசிதான் நிரப்புவான். குழாயைத் திறந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அதுவே அதிகம்.

இந்த இடத்தில் காளிதாஸ் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"பாய், இதைப் பாருங்க. ரெயின் ஷவர். மழை மாதிரியே கொட்டும்." குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டான்.

"அது கிடக்கட்டும் தம்பி, சுவத்துல என்னமோ பெட்டி இருக்கே?"

"ஆட்டோமேட்டிக் பாய்! தொட்டியில தண்ணி குறைஞ்சா மோட்டாரு தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும்."

"அடேயப்பா. சென்சார் உள்ளுக்க இருக்கா, மிதவையா?"

இயந்திரத்தைப் பற்றி ஆசையாகக் கேட்கும் ஒருவருக்கு ஆசையாகப் பதில் சொல்வதைவிட இன்பம் வேறில்லை. மிதவையை விளக்கினான் காளிதாஸ். விளக்கு எரிந்தால்தானே அழகு என்று, காலையில் தானே அணைத்துவைத்திருந்த சுவிட்சைப் போட்டும் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. நுஃமான் அங்கே கைதட்டினார். ஷவரும் கைதட்டுவது போலக் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை யாரும் மூடவில்லை. நண்பகல் லுஹர் தொழ வேண்டுமென்று அஃபீஃபா இன்னொரு குழாயில் நிதானமாகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்தார்.

"எல்லாரும் இங்கனயே சாப்பிட்டுப் போகணும்மா" என்றான் காளிதாஸ். "அதான் பருப்பு வெந்திருச்சே. ஆளை விட்டுச் சோறும் கத்திரிக்காயும் வாங்கியாரச் சொல்றேன். புது வீட்டுல மொதச் சாப்பாடு!"

வெந்த பருப்பு ஒரு ஆளுக்குத்தான் காணும். சுலைகா மறுபடி ஒரு குக்கர் வைத்தாள். அதற்குள் தொட்டி காலியாகி, எங்கோ ஒரு மோட்டார் மெல்ல உறுமத் தொடங்கியிருந்தது. விளக்கிச் சொன்னபடியே, தானாக.

விசில் வந்தது. இன்னும் வந்தது. சுலைகா மூடியைத் திறந்து கரண்டியால் கிண்டினாள். பருப்பு கரண்டியில் பட்டுக் கலகலவென்றது. அவள் மறுபடி மூடி ஏற்றினாள். காளிதாஸின் காதுக்கு இப்போதுதான் மோட்டார் சத்தம் எட்டியது. அவன் முகம் மாறியதை நஸீஹா பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்ததையும் பார்த்தாள்.

"சாப்பாடு வெளியிலேருந்து சொல்லிருவோமாம்மா? பிரியாணி..."

"வேணாம்ண்ணே" என்றாள் நஸீஹா. "சாம்பார் ஆயிருச்சு." ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, வருங்கால மாமியாரிடம் நீட்டினாள். "மாமி, மொதல்ல நீங்க ஒரு வாய் பாருங்க."

அஃபீஃபா ஒரு வாய் வைத்தார். கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணியமான குடும்பம் என்பதால் துப்பவில்லை, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"உப்பு தூக்கலா இருக்கே. இம்புட்டு உப்பு யாரு அள்ளிப் போட்டது?"

"இன்னும் யாருமே உப்புப் போடலை மாமி."

நஸீஹா குழாயைத் திறந்து மீட்டரை முக்கி, எண்ணைக் கைப்பேசிக்குக் காட்டினாள். நுஃமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது எங்க ஆலைக்குள்ள வர்ற தண்ணிக்குத் தம்பியாப் பொறந்ததுல்ல!"

"எறைக்க எறைக்கச் சரியாயிரும் பாய். இன்னும் ஒரு நூறு அடி எறக்கிட்டோம்னா..."

"காளிதாஸு, நீ எறங்க எறங்க கடலுக்குள்ளல்ல போயிட்டிருக்க!" என்று சொல்லிவிட்டு, கோபத்தையும் மீறி அவர் விளக்க ஆரம்பித்தார். அவரால் விளக்காமல் இருக்க முடியாது. பாலின் மேல் ஆடை படிவது போல, இந்தக் கரையில் உப்புத் தண்ணீரின் மேல் மழைத் தண்ணீர் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது. அதைத் தேக்கிவைப்பது மணல்மேடு. மேடு உயரமானால் ஆடை தடிக்கும். ஆகவே மேட்டில் கொஞ்சமாகத் தோண்டி, மேலாகவே மொண்டுகொள்ள வேண்டும். கடல் எட்டாத அபிராமத்தில் நூறு அடியில் தண்ணீர் இல்லையென்றால் இருநூறு அடி போவார்கள். காளிதாஸும் குடும்ப வழக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அதற்கு முன்பு, மனை சமமாக இருக்க வேண்டுமென்று, ஆடையைப் பிடித்துவைத்திருந்த மேட்டையெல்லாம் புல்டோசரால் வழித்து எடுத்துவிட்டான். அவ்வளவு வேலையும் இத்தாலி டைல்ஸ் ஒட்டுவதற்காக.

காளிதாஸ் பொய்யன்தான். ஆனால் நானூறு அடி விஷயத்தில் அவன் முகத்தில் வந்த அதிர்ச்சி நிஜமானது.

"தண்ணிதானே" என்றார் அஃபீஃபா, பல்லை நாக்கால் தடவிக்கொண்டே. "கேன் வாங்கிக்கிட்டாப் போச்சு."

"சுவத்துக்குமா லாத்தா கேன் வாங்குறது?" அஃபீஃபாவைக் கேட்டுக்கொண்டே சுலைகா சிங்குக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்தாள். வர்ணம் பூச மறந்த மூலையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இந்தத் தண்ணியிலதான் கலவை போட்டிருக்கு. உள்ளுக்க கம்பி துருப்பிடிச்சா வீடு எத்தனை நாளைக்கு நிக்கும்? எம் மவளுக்கு ஒரு வீடுதான் தர முடியும்."

நஸீஹா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கோடியில், இன்னும் புல்டோசர் போகாத இடத்தில், நாலு பனையோடு ஒரு மணல்மேடு இருந்தது.

"அது என்ன விலைண்ணே?"

"அதாம்மா? அது வெறும் மேடு. ரெண்டாம் கட்டத்துல செதுக்கிச் சமமாக்கித்தான்..."

"சமமாக்காமத் தாங்க."

"மருமவளுக்கு என்ன குடுத்தாங்கன்னு கேட்டா, மணலுன்னா சொல்லுவேன்?" என்றார் அஃபீஃபா.

"என்னத்தையும் சொல்லுங்க மாமி. குடியிருக்கப் போறவ நான். சாம்பார் இன்னொரு கரண்டி ஊத்தவா?"

அஃபீஃபா தட்டைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார். "பனை நல்லாத்தான் நிக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை மேட்டுக்கு அக்ரிமென்ட் ஆனது. நிக்காஹ் நடந்து, வீடு எழும்பும்வரை மாப்பிள்ளை சுலைகாவின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். மேட்டில் முதலில் உறைக்கிணறுதான் இறக்கினார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அஃபீஃபா சொந்தக்காரர்களிடம் "பீச் ப்ராப்பர்ட்டி" என்று சொல்லிவருகிறார். அதற்குள் பவளக்கரை நகரில் ஏழு வில்லாக்கள் விற்றுவிட்டன. அந்த ஏழு குடும்பத்திலும் யாரும் குக்கர் கொண்டுவரவில்லை.

ஒருநாள் காலை காளிதாஸ் அந்தக் கிணற்றடிக்கு வந்தான். பின்னால் ஒரு டேங்கர் லாரி மணலில் திணறிக்கொண்டு நின்றது.

"அம்மா, லாரிக்காரன் ரேட்டை ஏத்திட்டான். நாளைக்கு ஒரு பார்ட்டி வாராங்க. அரைத் தொட்டி தண்ணி மட்டும்..."

சுலைகா வாளியை இறக்கி மொண்டு, ஒரு சொம்பு நிறைய ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, குடி தம்பி. குடிக்க எம்புட்டு வேணும்னாலும் தாரேன். காட்டுறதுக்குத் தர மாட்டேன்."

காளிதாஸ் குடித்தான். வெயிலில் வந்தவன், இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"நல்ல தண்ணிம்மா" என்றான். "இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தலாம்ல?"