மூடி போட்ட பிறகு

"அக்கா, இந்தத் தடவையும் அப்பா விளக்குக் கம்பம் மாதிரி நின்னார்னா, ஆல்பத்தை நீங்களே வெச்சுக்குங்க."

கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போட்டோக்காரிக்குச் சுருக்கென்றது. நான்கு வருடத்துக்கு முன் இதே வீட்டு மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கும் அவள்தான் கேமரா. ஆயிரத்து இருநூறு படங்கள். அத்தனையிலும் அப்பாவுக்கு விறைத்த தோள், இறுகிய உதடு, கைது செய்யப்பட்டவர் பார்வை. பெண்கள் இருவரும் அவருக்கு மிஸ்டர் பாஸ்போர்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் மனிதர் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும். கேமராவைக் கண்டால் மட்டும் கல்.

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள் எனக்கு ஃபிளைட்டுக்கா. போற இடத்துல மாட்டி வெச்சுக்க ஒரே ஒரு படம். அதுல எங்கப்பா எங்கப்பாவா இருக்கணும்."

மறுநாளே லென்ஸ் கடை. கூடவே புருஷன். கல்யாணங்களில் இரண்டாவது கேமரா அவன்தான். கண்ணாடி அலமாரியில் முழங்கை நீளத்துக்குப் படுத்திருந்த வெள்ளை ஜூம் லென்ஸைப் பார்த்ததும் சொக்கிப்போனான்.

"இது இருந்தா அடுத்த தெருவுலேர்ந்தே எடுக்கலாம்டி!"

"எடுக்கலாம். அவரும் அடுத்த தெருவுலேர்ந்தே பாத்துடுவாரு. பீரங்கின்னு நெனச்சு ரெண்டு கையையும் தூக்கிடுவாரு."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து கறுப்பாக, குட்டையாக ஒன்றைக் கொண்டுவந்தார். "நூத்தி முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ், மேடம். இதுல ஜூம் கெடையாது, நீங்கதான் முன்ன பின்ன நடக்கணும். ஆனா ஃபிளாஷே வேணாம். பூனைக் கண்ணு!" சீப்பை எடுத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு நிமிர்ந்தார். "என்னையே ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்."

"நீங்க போஸ் குடுக்கறீங்கண்ணே. தனக்கே தெரியாம மாட்டற ஆளு வேணும் எனக்கு."

அதைத் தன் கேமராவில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்சாரியில் சலூன். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு ஏதோ சொல்ல, சலூன்காரர் கத்தியை ஓங்கியபடியே குலுங்கினார். க்ளிக்.

திரையில் சலூன்காரர் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். நாற்காலி ஆசாமி வெறும் புகை.

"ஒருத்தர்தான் வர்றாரு," என்றான் புருஷன், வெள்ளை ஜூமைத் திரும்பிப் பார்த்தபடி.

"முழுசாத் திறந்து வெச்சா அப்படித்தான்." லென்ஸின் கண்மணியை, அபர்ச்சரை, ஒரு சிட்டிகை சுருக்கினாள். மறுபடி க்ளிக். இந்தத் தடவை நுரைக்குள்ளிருந்த சிரிப்பும் வந்தது, கத்திக்காரர் சிரிப்பும் வந்தது. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பில் போடுங்கண்ணே."

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். அறைக்குள் நுழைந்ததும் போட்டோக்காரி நாலு சுவரையும் பார்த்தாள். தீப்பெட்டி அளவு அறை. ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு அழுமூஞ்சி டியூப் லைட். புது லென்ஸ் வழியே பார்த்தால் அப்பாவின் மூக்கும் காதும்தான் தெரிந்தன. பின்னால் நகர்ந்தாள். அலமாரி முதுகில் இடித்தது. கடையில் பின்வாங்க ஒரு தெருவே இருந்தது. அறையை வந்து அளக்காமல் விட்டோமே! இத்தனை வருட அனுபவத்தில் இப்படியொரு அசட்டுத்தனம்.

"ஃபிளாஷ் கூடாது. சீக்கிரம் முடிங்க, அடுத்த ஜோடி காத்திருக்கு," என்றார் பதிவாளர்.

புருஷன் பழைய சின்ன லென்ஸோடு தன் கேமராவைத் தூக்கினான். அவ்வளவுதான். அப்பா விறைத்தார். கல்யாணப் பெண்ணின் கண் போட்டோக்காரியைத் தேடியது. என்னக்கா, மறுபடியுமா?

புருஷன் கேமராவைத் தாழ்த்தினான். அப்பாவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. மறுபடி தூக்கினான். ஏறியது.

போட்டோக்காரிக்குப் பொறி தட்டியது. புருஷனின் காதருகே குனிந்தாள்.

"மூணு படம் எடுங்க. அப்புறம் அவர் பாக்கற மாதிரி லென்ஸுக்கு மூடி போட்டு, கேமராவைப் பைக்குள்ள வைங்க."

"மூடி போட்டா எப்படிடி எடுக்கறது?"

"நீங்க எடுக்க வேணாம். போட்டா போதும்."

நழுவி வெளியேறினாள். நடைவழியில் பின்பக்கமாகவே எட்டு அடி. பெஞ்சைத் தாண்டி, தூணுக்கு அருகே. திறந்திருந்த கதவுச் சட்டத்துக்குள் அப்பா, பெண், மாப்பிள்ளை மூவரும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தினார்கள். அபர்ச்சரை அதே சிட்டிகை சுருக்கினாள். மூச்சைப் பிடித்தாள்.

உள்ளே மூன்று க்ளிக். மூடி 'டக்'கென்று லென்ஸில் உட்கார்ந்தது. பையின் ஜிப் ஏறியது.

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். தோள்கள் சரிந்தன. சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. உதறினார். மை தெறித்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கோலிக்குண்டு அளவு நீலம்!

அப்பா கறையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"கறை பட்டுடுச்சு மாப்ளே. இனி திருப்பித் தர முடியாது, நாங்களே வெச்சுக்கறோம்!"

வெடித்தது சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு. மகள் அவர் நெஞ்சில் சாய்ந்து குலுங்கினாள். பதிவாளர்கூட முத்திரையால் வாயை மறைத்துக்கொண்டார்.

க்ளிக். க்ளிக். க்ளிக். க்ளிக்.

கையெழுத்து முடிந்து வெளியே ஓடி வந்த பெண்ணிடம் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு முகம், நான்கு கண், அத்தனையும் பளிச். பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டோக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கேமராவோடு சேர்த்து.

பின்னால் வந்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதை எப்பம்மா எடுத்தே? அவர்தான் மூடி போட்டுட்டாரே!"

"அவர் போட்டாரு சார். நான் போடலியே."

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, நல்லாத்தான் இருக்கேன்," என்றார். "சரி, இதே மாதிரி இன்னொண்ணு எடும்மா."

சட்டையை இழுத்துவிட்டார். தோள் ஏறியது, உதடு இறுகியது, கண் நேராக நின்றது.

"எடுத்தாச்சு சார்," என்றாள் போட்டோக்காரி. விரலைக்கூட அசைக்கவில்லை.